தாங்கும் கைகள்: தென்சென்னையில் வேலைக்குப் போகும் தாயின் மனநிறைவு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

குறுந்தொகையின் 135ஆம் பாட்டைப் பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. தொழில்தான் ஆண்களுக்கு உயிர், வீட்டில் வாழும் பெண்களுக்கோ அந்த ஆண்களே உயிர் என்று தலைவன் முன்பு சொன்னதைத் தோழி நினைவூட்டி, அவன் பிரியமாட்டான் என்று தலைவியைத் தேற்றுகிறாள். தொழிலை ஆணுக்கும் மனையைப் பெண்ணுக்கும் வகுத்த இந்தப் பங்கீடு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் இன்று வேறு உருவில் தொடர்கிறது. மனைவி வங்கி மேலாளராக இருப்பாள். கணவனைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கவும் செய்வாள். ஆனாலும் உறவுக்காரர் பேச்சில் அவன் போவது வேலைக்கு. அவள் போவது குடும்பத்துக்கு ஒத்தாசையாக. வீட்டுக் கடன் தவணைக்காகப் போகிறேன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகப் போகிறேன் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு தாய் வாய்விட்டுச் சொன்னால், "அப்போ குழந்தையை யார் பாத்துக்கறா?" என்ற கேள்வி உடனே வரும்.

அந்தக் கேள்வியை இக்கட்டுரை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறது. குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். சோறு யாராவது வடிக்கத்தான் வேண்டும். கேள்வியில் பிழை இல்லை. அது தாயிடம் மட்டும் கேட்கப்படுவதில்தான் பிழை இருக்கிறது. ஆகவே இங்கே ஆராயப்படுபவை மூன்று: இந்தப் பகுதியில் தொழிலிலும் குடும்பத்திலும் நிறைவு கண்ட பெண்களைத் தாங்கியவர்கள் யார்? இன்று தாங்குபவர்கள் யார்? அந்தச் சுமை நியாயமாகப் பகிரப்பட என்ன வேண்டும்?

"வேலைக்குப் போகும் தாய்" என்றதும் நம் மனக்கண்ணில் வருபவள் கைப்பையும் அடையாள அட்டையுமாக அலுவலகம் செல்பவள். இந்த ஆய்வு அவளோடு நிற்கவில்லை. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் ரோட்டில் மீன் விற்கும் பெண்ணும், பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணும், சாஸ்திரி நகர் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் வேலைக்குப் போகும் தாய்மார்களே. மீனவப் பெண்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வாழ்க்கை. நடுத்தர வகுப்புக்குத்தான் இது புதிது. வாழ்க்கை வரலாறுகள், சட்டங்கள், அரசின் கணக்கெடுப்புகள் ஆகியவற்றோடு, மந்தைவெளியில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கல்லூரியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் நான் கண்டதும் இதற்கு ஆதாரம்.

2. முன்னோடிகள்

2.1 நிபந்தனையோடு நடந்த திருமணம்

முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணக்கும் முன்பு, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவரிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் அங்கே தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாக முடிந்தது. ஆதரவற்ற பெண்களுக்கென 1930இல் அவர் தொடங்கிய ஔவை இல்லம் பின்னர் அடையாறில் நிலைபெற்றது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியே அதன் தூணாக நின்று அதை வளர்த்தார்.

நம் ஆய்வுக்கு முக்கியமானது அந்த உறுதிமொழி. தன் தொழில் வாழ்க்கை கணவரின் பெருந்தன்மையை நம்பி இருக்கக் கூடாது என்று அவர் அன்றே கண்டுகொண்டார். கேட்டுப் பெற வேண்டியதைத் தாலி ஏறும் முன்பே கேட்டார். நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, பெண் பார்க்க வரும் குடும்பங்கள் "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்வதைத் தாராளம் என்று எண்ணுகிறோம். அனுமதி தருகிற இடத்தில் மாப்பிள்ளை வீடு இன்னும் இருக்கிறது. முத்துலட்சுமி அனுமதி கேட்கவில்லை, நிபந்தனை வைத்தார்.

2.2 சுப்புலட்சுமியும் சித்தியும்

அதே 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தை மணம் முடிந்த சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். தந்தை துணை நிற்க, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்கவைத்தார். அவர் நடத்திய இல்லம் பின்னர் கடற்கரையோர ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1942இல் வயது வந்த பெண்கள் படிப்பதற்கென மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தை ஏற்படுத்தினார். 1956இல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் வழியாக வித்யா மந்திர் பள்ளி தொடங்கியதிலும் முன்னின்றார்.

அவர் பெற்ற பிள்ளை இல்லை. வளர்த்த பிள்ளைகள் பலர். வெளியே கல்வித் துறையோடும் ஊராரோடும் அவர் போராடிக்கொண்டிருக்க, அந்தப் பெண் குழந்தைகளுக்குத் துணையாக வீட்டில் இருந்தவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. தலை வாருவதும், பசியறிந்து பரிமாறுவதும், இரவில் அழும் பெண்ணின் பக்கத்தில் படுப்பதும் ஒரு விடுதியை வீடாக்கும் வேலைகள். பள்ளிகளின் வரலாற்றில் சுப்புலட்சுமிக்கு இடம் உண்டு. சித்திக்கு ஓரிரு வரிகள்தான்.

2.3 தி.நகரிலிருந்து புறப்பட்டவர்

1955இல் பிறந்த இந்திரா நூயி தி.நகரில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தார். ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளியிலும் சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் படித்தார். கொல்கத்தா ஐ.ஐ.எம்., யேல் என்று போய், 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார். இரண்டு பெண்களின் தாய். நிறுவனத்தின் தலைவர் பதவி கிடைத்த செய்தியோடு இரவில் வீடு திரும்பியபோது, முதலில் போய்ப் பால் வாங்கி வரச் சொல்லித் தாய் அனுப்பியதையும், கிரீடத்தைக் கார் கொட்டகையிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்ற பொருளில் அவர் பேசியதையும் நூயி பலமுறை சொல்லியிருக்கிறார். கணவர் முன்பே வீட்டுக்கு வந்திருந்தார் என்பதும் அந்தக் கதையில் உண்டு.

இந்தக் கதையை நம் வீடுகளில் பணிவுக்கு உதாரணமாக எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு ஒன்றைக் காட்டுகிறது: உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் உச்சிக்குப் போன பிறகும், வீட்டுக்குப் பால் வாங்கும் பொறுப்பு மனைவியின் பெயரிலேயே இருந்தது. அதே நூயி, மகள் அலுவலகத்துக்குப் போன் செய்து விளையாட அனுமதி கேட்டால், வீட்டுப்பாடம் முடிந்ததா, ஏதாவது சாப்பிட்டாயா என்று விசாரித்துப் பதில் சொல்ல வரவேற்பாளரிடம் ஏற்பாடு செய்து வைத்திருந்ததையும் மறைக்காமல் சொன்னார். 2021இல் வெளியான தன்வரலாற்றில், தாயும் உறவினரும் செய்த உதவிகளை நன்றியோடு சொல்லி, சம்பளத்தோடு கூடிய விடுப்பும் குழந்தைக் காப்பு ஏற்பாடுகளும் எல்லாத் தாய்மார்களுக்கும் வேண்டும் என்று வாதிட்டார். உச்சியை எட்டிய பெண்ணே, என்னால் முடிந்தது உங்களாலும் முடியும் என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஏற்பாடு வேண்டும் என்று கேட்டது கவனிக்கத் தக்கது.

2.4 மூவரிடமும் காண்பது

காலமும் சாதியும் வசதியும் இவர்களைப் பிரிக்கின்றன. ஒன்று மட்டும் பொது: எவரும் தனியாக நின்று சாதிக்கவில்லை. ஒருவருக்கு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்ட கணவர், ஒருவருக்குச் சித்தி, ஒருவருக்குத் தாயும் உறவும் அலுவலக வரவேற்பாளரும். தாங்கிய கைகளை விட்டுவிட்டுச் சாதனையை மட்டும் சொன்னால், கேட்கும் பெண்ணுக்கு அது ஊக்கமாக இருக்காது. எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்ற தாழ்வுணர்ச்சியாகவே மாறும்.

3. வேலை மாறியது, வீடு மாறவில்லை

1969இல் வங்கிகள் நாட்டுடைமையாகி, எழுத்துத் தேர்வு வழியாக ஆள் எடுப்பது பரவியபோது நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு வங்கிக் கவுன்ட்டர் திறந்தது. எல்.ஐ.சி., தொலைபேசி நிலையம், தேனாம்பேட்டை ஏ.ஜி. அலுவலகம் என்று மயிலாப்பூர், தி.நகர்ப் பெண்கள் டிபன் டப்பாவோடு பஸ் ஏறினார்கள். அந்தக் காலத்துச் சென்னையின் மனத்தைக் கே. பாலசந்தரின் படங்கள் பதிவு செய்தன. 1977இல் வந்த "அவர்கள்" படத்தில், கணவனைப் பிரிந்து கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் அனுவின் வீட்டைத் தாங்க வருபவர் அவளை வருத்திய கணவனின் தாயே. கதையிலும் அந்தக் கை ஒரு பெண்ணின் கைதான்.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. 2004இல் பறக்கும் ரயில் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை நீண்டது. ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது புதிய வாசல். பத்து முதல் ஐந்து என்ற வங்கி நேரம் போய், அமெரிக்காவின் காலைக்கு ஏற்ப நம் இரவில் நடக்கும் கூட்டங்கள் வந்தன. 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், எந்நேரமும் அழைத்தால் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் வேலைகளே மிக அதிகச் சம்பளம் தருகின்றன என்றும், குழந்தை பிறந்த பிறகு ஆண் பெண் வருமான இடைவெளி அகல்வதற்கு இது பெருங்காரணம் என்றும் காட்டினார். ஒரு வீட்டில் யாராவது ஒருவர் பள்ளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்க வேண்டும். எடுப்பவரின் சம்பளம் தேங்கும். சோழிங்கநல்லூர் சாலையிலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

வீட்டுக்குள் கருவிகள் வந்தன. கேஸ் அடுப்பு, குக்கர், வெட் கிரைண்டர், வாஷிங் மெஷின்; இப்போது தெருமுனைக் கடையில் இட்லி மாவுப் பாக்கெட். அமெரிக்க வீடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், கருவிகள் வந்த பின் வீட்டில் மற்றவர்களின் வேலை குறைந்ததே தவிரத் தாயின் வேலை குறையவில்லை என்று 1983இல் எழுதினார். நம் வீடுகளிலும் மாவரைக்கும் நேரம் மிச்சமானது. மிச்சமான நேரத்தில் பிள்ளையின் புராஜெக்டுக்கு அட்டை வெட்டுவதும், ஆன்லைனில் கட்டணம் கட்டுவதும், மூன்று பேருக்கு மூன்று விதமாக டிபன் செய்வதும் வந்து உட்கார்ந்துகொண்டன.

கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னொன்று உண்டு: நினைவில் வைத்துக்கொள்வது. அடுத்த தடுப்பூசி எப்போது, கேஸ் பதிவு செய்தாயிற்றா, மாமனாரின் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை மிச்சம், நவராத்திரியில் யார் யாருக்கு வெற்றிலை பாக்கு, பெரியவரின் திதி எந்தத் தேதி. கணவர் நல்லவராக இருந்தால், "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்பார். சொல்வதற்காக எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டிருப்பதும் ஒரு வேலை என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

4. நேரக் கணக்கு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணில் காட்டியது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களின் விகிதமோ பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிப்பதில் ஈடுபட்டவர்களில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். 2024இன் கணக்கெடுப்பில் வீட்டு வேலைக்குப் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. குறைந்த அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்களா என்று பார்த்தால், அவர்களுடையதும் 88 நிமிடமாகக் குறைந்திருந்தது.

இந்தச் சராசரி, ஒரு வீட்டில் ஒரு காலைப்பொழுதில் எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காலை ஆறரை மணி. குக்கர் இரண்டாவது விசில். கத்தரிக்காய் பாதி நறுக்கியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமிருந்து போன் வருகிறது.

"அக்கா, சின்னவனுக்கு ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். இன்னிக்கு வர முடியாதுக்கா."

"சரி, நீ அவனைப் பாரு. டாக்டர்கிட்ட காட்டு."

மாமியார் கண் அறுவை முடிந்து ஊரில் நாத்தனார் வீட்டில் இருந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொள்ள வேறு ஆளில்லை. கணவர் சொன்னார்: "எனக்குப் பத்து மணிக்கு ரிவ்யூ இருக்கு. நீ லீவு சொல்லிடேன்."

"எனக்கும்தான் இன்னிக்கு ப்ராக்டிகல் எக்ஸாம். எக்ஸ்டர்னல் வர்றாங்க."

"நீ சொன்னா ஒத்துப்பாங்க."

ஐந்தாவது நிமிடத்தில் நான் துறைத்தலைவரை அழைத்தேன். அவர் ஒத்துக்கொண்டார். கணவரின் அந்தக் கடைசி வாக்கியத்தில் கோபமோ அதிகாரமோ இல்லை. அன்பான மனிதர் இயல்பாகச் சொன்னது. அதனால்தான் அதை ஆராய வேண்டியிருக்கிறது. பெண்ணின் வேலை விட்டுக்கொடுக்கக் கூடியது, அவளுடைய அலுவலகம் மன்னிக்கும், அவனுடையது மன்னிக்காது என்ற துணிபு அதற்குள் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு முறையும் மன்னிக்கப்படுகிறவள் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது பின்வரிசையில் இருப்பாள். "குடும்பப் பொறுப்பு உள்ளவங்க" என்று அக்கறையோடு சொல்லி, அடுத்த பெரிய பொறுப்பை வேறொருவருக்குத் தருவார்கள்.

அந்தக் காலையில் வேலைக்குப் போக முடியாமல் போன தாய்மார்கள் இருவர். மாதச் சம்பளம் எனக்கு அப்படியே வந்தது. போன் செய்தவளுக்கு வேலை பார்க்கும் வீடுகள் வேறும் இருந்தன. எல்லா வீட்டிலும் அவளுக்கு விடுப்பு என்று ஒன்று எழுதப்படவில்லை.

5. இன்று தாங்குபவர்கள்

5.1 பாட்டிமார்

தென்சென்னையின் முதல் குழந்தைக் காப்பகம் பாட்டி வீடுதான். பணிக்காலம் முடிந்து ஓய்வுக்கு வந்த பெண் மகளின் பிள்ளைக்காகவோ மகனின் பிள்ளைக்காகவோ மறுபடி நேரக்கணக்கில் வேலையைத் தொடங்குகிறாள். பள்ளி வேன் வரும் நேரம், டிபன் நேரம், பாட்டு வகுப்பு நேரம். பேரக்குழந்தையின் வாசனையில் அவளுக்கு மகிழ்ச்சி உண்டு. முழங்கால் வலியும் உண்டு. மூத்தவள் ஆஸ்திரேலியாவில் பிரசவத்துக்குக் கூப்பிட, இளையவள் இங்கே ஆபீஸ் போக, இரண்டு பக்கமும் இழுபடும் தாய்மார்கள் இங்கே பலர். அவர்களிடம் "உங்களால் முடியுமா?" என்று கேட்பது மரியாதை. பெரும்பாலும் நாம் கேட்பதில்லை.

5.2 வீட்டு வேலை செய்பவர்கள்

அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் காலையில் நுழையும் பெண்கள் ஊரூர்க் குப்பத்திலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் நடந்து வந்த காலம் உண்டு. 2000 முதல் நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் பழைய மகாபலிபுரம் சாலையோரக் கண்ணகி நகருக்கு மாற்றப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வீடு தொலைவுக்குப் போயிற்று. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. ஏழு மணிக்கு நம் வீட்டு வாசலில் நிற்பதற்காக அவள் பிள்ளைகள் எழும் முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது மூத்த மகளின் வேலையாகிறது. நான் வகுப்பில் பெண் கல்வி பற்றிப் பேசும் காலையில், என் வீட்டு வேலை நடப்பதற்காக ஒரு சிறுமி தன் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள் என்பதை இந்த ஆய்வு கண்ணை மூடிக்கொண்டு தாண்ட முடியாது.

2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் அமைந்தது. வாரியம் இருக்கிறது என்பதையே அறியாத வீட்டு எஜமானிகள் நம்மில் அதிகம். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, காய்ச்சலுக்கு விடுப்பு, தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், வாரியத்தில் பதிவு செய்ய ஒத்துழைப்பு: அலுவலகத்தில் நாம் உரிமையாகக் கேட்கும் இவற்றை அடுக்களையில் நாம் கொடுக்க வேண்டும்.

5.3 காப்பகங்கள்

அடையாறு காந்தி நகரிலும் தி.நகர்ச் சந்துகளிலும் தனியார் டே கேர்கள் உண்டு. நல்லவை விலை கூடியவை. மாலை ஆறரைக்குமேல் ஒவ்வொரு அரை மணிக்கும் கூடுதல் கட்டணம். ஜவுளிக்கடைப் பெண்ணின் வேலை இரவு ஒன்பதுக்கு முடிகிறது; அவளுக்கு ஏற்ற காப்பகம் ரங்கநாதன் தெருவைச் சுற்றி எங்கே இருக்கிறது? அங்கன்வாடிகள் ஊரெங்கும் உண்டு, அவற்றின் ஊழியர்கள் பொறுமைசாலிகள். ஆனால் அவை உழைக்கும் தாயின் நேரத்துக்கு ஏற்ப அமைந்தவை அல்ல.

6. சட்டமும் பொது ஏற்பாடும்

1961இன் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதியும் கட்டாயமாயின. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2016இல் ஒன்பது மாதமும் 2021இல் பன்னிரண்டு மாதமும் விடுப்புத் தந்தது. இவை பெரிய முன்னேற்றங்கள். இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளவர்களுக்கு விடுப்புக் காலச் சம்பளம் முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டியிருக்கிறது. சமூகக் காப்பீடு வழியாகப் பலரும் பங்கிட்டுக்கொள்ளும் முறை இல்லாததால், சிறு நிறுவனங்கள் கல்யாண வயதுப் பெண்ணை எடுக்கத் தயங்குகின்றன. இரண்டாவது, சட்டம் தந்தையை நினைக்கவில்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. மத்திய அரசின் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் பெண்களுக்கும், மனைவியின்றித் தனியே குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் மட்டும்தான். மனைவி உள்ள ஆணுக்குக் குழந்தை பார்க்கும் வேலை இல்லை என்று விதியே எழுதி வைத்திருக்கிறது. ஸ்வீடன் 1974இலேயே பெற்றோர் விடுப்பை இருவருக்கும் பொதுவாக்கியது. பெரும்பாலும் தாய்மாரே அதை எடுத்ததைக் கண்டு, 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும். அதன் பிறகு தந்தையரின் பங்கு உயர்ந்தது. நல்ல மனத்துக்காகக் காத்திருப்பதைவிட நல்ல விதி விரைவாக வேலை செய்யும்.

பொது ஏற்பாட்டில் சென்னைக்கு முன்னோடிப் பெருமை உண்டு. தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார்; 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தபோது தொடக்க விழா மயிலாப்பூரில் நடந்தது. இதைக் குழந்தைகளின் ஊட்டத்துக்கான திட்டம் என்றே பேசுகிறோம். விடியலில் வேலைக்குக் கிளம்பும் தாயின் கையிலிருந்து ஒரு வேளைச் சமையலை அரசு வாங்கிக்கொண்ட திட்டமும் அதுவே. 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் கண்ணகி நகரிலிருந்து அடையாறு வரும் பெண்ணின் கூலியை வெட்டு விழாமல் வீடு சேர்க்கிறது. அதே ஆண்டு வந்த, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம், நாளெல்லாம் நின்று கால் வீங்கி வீடு போகும் ஜவுளிக்கடைத் தாய்க்கானது. சமையலறையையும் பேருந்தையும் பொது விஷயமாக்கத் தெரிந்த இந்த மண்ணுக்குக் குழந்தைக் காப்பையும் பொது விஷயமாக்கத் தெரியும்.

7. நிறைவு என்பது

வேலையில் ஒரு பெண் தேடுவது சம்பளம் மட்டுமல்ல. தன் பெயரால் அறியப்படுவது, தெரிந்ததைச் செய்து பார்ப்பது, செய்ததன் பலனைக் காண்பது. புரியாத ஒன்றை விளக்கிச் சொல்லி, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் தெளிவதைப் பார்க்கும்போது எனக்குக் கிடைப்பதை வீட்டில் எவரும் எனக்குத் தர முடியாது. தர வேண்டியதும் இல்லை. பிள்ளை காய்ச்சல் விட்டுக் கண் திறந்து ரசஞ்சாதம் கேட்கும்போது கிடைப்பதைக் கல்லூரி தர முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை பார்க்கச் சொல்வதுதான் தாய்மார்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுகிறது. தந்தையிடம் யாரும் இந்த எடையைப் பார்க்கச் சொல்வதில்லை. வேலையில் உயர்ந்த தந்தை நல்ல தந்தை. வேலையில் உயர்ந்த தாய் விளக்கம் சொல்ல வேண்டியவள்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கத் தீர்மானிக்கும் தாய்மார்களும் உண்டு. அது அவர்களுடைய உண்மையான விருப்பமாக இருந்தால் அதிலும் குறை இல்லை. காப்பகம் கிடைக்காததால், கணவருக்கு நேரமில்லாததால், அலுவலகம் இடம் கொடுக்காததால் விட்டுவிட்டு, "குழந்தைக்காக விட்டேன்" என்று சொல்ல நேர்வதுதான் வருத்தம். அங்கே தெரிவு நடக்கவில்லை, கதவு சாத்தப்பட்டிருக்கிறது. மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காகச் சுப்புலட்சுமி பள்ளி தொடங்கியது, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று காட்டத்தான். பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும் பெண்ணை இன்றைய நிறுவனங்கள் புதியவளாக நடத்துவது அந்த அறிவுக்குப் பின்னே போவதாகும்.

8. முடிவுகள்

இவ்வாய்விலிருந்து பெறப்படுபவை:

ஒன்று. தொழிலிலும் குடும்பத்திலும் நிறைவு கண்ட பெண்களின் வரலாறு தாங்கிய கைகளின் வரலாறும் ஆகும். அந்தக் கைகளைப் பெயர் சொல்லி எழுதுவது வரலாற்றாசிரியரின் கடமை.

இரண்டு. தாங்கும் சுமை பாட்டியிடமும் வீட்டு வேலை செய்பவரிடமும் தள்ளப்படும்போது பிரச்சினை தீர்வதில்லை, இடம் மாறுகிறது. என் நிறைவு கண்ணகி நகரில் இன்னொரு தாயின் குறைவாக முடிந்தால் அதை நிறைவென்று கொள்ள முடியாது.

மூன்று. வீட்டுக்குள் பங்கீடு மாற வேண்டும். "சொல்லு, செய்கிறேன்" போதாது. பள்ளியின் தொடர்பு எண், தடுப்பூசி அட்டை, மாத மளிகை ஆகியவற்றுள் சிலவற்றை முழுப் பொறுப்பாக ஆண் எடுத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அதன் விளைவும் அவருடையதாக வேண்டும். மகனை அடுக்களைக்குள் அழைப்பது இன்றைய தாய்மார்களும் பாட்டிமார்களும் செய்யக் கூடியது.

நான்கு. தந்தைக்கு மாற்ற முடியாத சம்பள விடுப்பு, மகப்பேற்றுச் செலவைப் பங்கிடும் சமூகக் காப்பீடு, பறக்கும் ரயில் நிலையங்களுக்கும் பேருந்து முனையங்களுக்கும் அருகே இரவு ஒன்பது மணிவரை இயங்கும் வட்டாரக் காப்பகங்கள், அவற்றில் வேலை செய்பவர்களுக்கு நியாயமான ஊதியம் ஆகியவை அரசின் முன் வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகள்.

முத்துலட்சுமி ரெட்டி ஒருவரிடம் வாங்கிய உறுதிமொழியை ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே பேரம் பேசி வாங்க வேண்டியிருக்கும் வரை, அது அதிர்ஷ்டசாலிகளுக்கு மட்டுமே வாய்க்கும். அதை மீன் விற்பவளுக்கும் புடவை விரிப்பவளுக்கும் பாத்திரம் துலக்குபவளுக்கும் பாடம் நடத்துபவளுக்கும் ஒருசேர உரியதாக்குவது சட்டத்தின் வேலை, நகரத்தின் வேலை, வீட்டில் உள்ள ஆண்களின் வேலை. "குழந்தையை யார் பாத்துக்கறா?" என்று இனி கேட்பவர்கள் அந்த மூவரையும் பார்த்துக் கேட்கட்டும்.